நாற்று நீள்கிறது, சாமந்தி பூக்கவில்லை: செடிகளின் ஒளிக்கோளாறுகளை அறிகுறியிலிருந்து கண்டுபிடித்தல்

சிறிய அளவில் நாற்று வளர்த்து மாடித்தோட்டக்காரர்களுக்குக் கொடுத்து வருகிறேன். ஆண்டு முழுவதும் என்னிடம் வரும் புகார்களில் பாதி, உரத்தோடும் பூச்சியோடும் தொடர்பில்லாதவை. நாற்று நூலாக நீள்வது, தொட்டிச்செடி சன்னலைப் பார்த்துச் சாய்வது, கீரை விதை முளைக்காதது, செழித்து நிற்கும் சாமந்தி மொட்டே வைக்காதது ஆகிய எல்லாவற்றுக்கும் கேட்பவர் முதலில் நினைப்பது உரம்தான். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றில் செடிக்கு நோய் எதுவும் இருப்பதில்லை. அதன் மேல் விழும் ஒளியின் நிறத்தையும் திசையையும் நேரத்தையும் செடியின் புரதங்கள் சரியாகவே படித்திருக்கும். நாம் வைத்த இடம் தவறாக இருக்கும்.

அந்தப் புரதங்களின் பெயர்கள் கீழே அடிக்கடி வருவதால், எது எதைக் கவனிக்கிறது என்று மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபைட்டோகுரோம் சிவப்பு ஒளியையும், சிவப்பின் கடைக்கோடியில் நம் கண்ணுக்கு ஏறக்குறைய தெரியாத தொலைச்சிவப்பு ஒளியையும் ஒப்பிட்டுப் பார்க்கும். கிரிப்டோகுரோமும் ஃபோட்டோட்ரோபினும் நீல ஒளியைப் படிப்பவை. முன்னது தண்டின் உயரத்தையும் பின்னது திசையையும் கவனித்துக்கொள்ளும். யூ.வி.ஆர்.8 என்ற புரதம் வெயிலிலுள்ள புற ஊதா-பி கதிரை உணரும். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. உங்கள் செடியில் தெரியும் அறிகுறிக்கு உரிய தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அறிகுறி: நாற்று நூலாக நீண்டு, வெளிறி, சாய்ந்து விழுகிறது

முதலில் வித்திலைகளின் நிறத்தைப் பாருங்கள். அவை மஞ்சளாகவும், நுனி இன்னும் கொக்கிபோல் வளைந்தும் இருந்தால், முளைத்த பிறகும் நாற்று இருட்டில் இருந்திருக்கிறது என்று பொருள். குழித்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கும் வழக்கத்தில் இது அதிகம் நேர்கிறது. தக்காளி நான்காம் நாளிலும் மிளகாய் ஏழாம் நாளுக்குப் பிறகும் தலை காட்டும் என்று கணக்குப் போட்டு மூடுகிறோம். வெப்பமான வாரத்தில் அது ஒரு நாள் முந்திவிடும். இருட்டில் வெளிவந்த முளைக்கு, ஃபைட்டோகுரோமும் கிரிப்டோகுரோமும் ஒளியைக் காணாதவரை, தான் இன்னும் மண்ணுக்குள் இருப்பதாகவே கணக்கு. அதனால் கையிருப்பு முழுவதையும் தண்டை நீட்டுவதிலேயே செலவிடும். இரண்டாம் நாளிலிருந்து காலை, மாலை இருவேளையும் மூடியைத் தூக்கிப் பார்த்து, நூற்றில் ஐந்து முளை தெரிந்தவுடனே தட்டுகளைப் பிரித்துப் பரப்பிவிட்டால் இந்தக் கோளாறு செலவில்லாமல் தீர்ந்துவிடும்.

வித்திலை பச்சையாகவே இருந்து தண்டு மட்டும் நீண்டிருந்தால், ஒளி போதவில்லையா, அல்லது போதுமான ஒளி தவறான நிறத்தில் வருகிறதா என்று பிரித்தறிய வேண்டும். நண்பகலில் நாற்றுக்கு ஒரு முழம் மேலே கையை நீட்டுங்கள். கையின் நிழல் ஓரம் தெளிவாக விழுந்தால் ஒளியின் அளவு போதும். மங்கலாக ஒரு கறை மட்டும் தெரிந்தால் போதவில்லை. 50 சதவீத நிழல்வலைக்கு மேல் இன்னொரு வலையை மழைக்காகக் கட்டிவிட்டு மறந்துபோனவர்கள் உண்டு. வலை ஒன்றேயானாலும், மூன்று ஆண்டுத் தூசியும் பாசியும் படிந்திருந்தால் அது பெயரளவில்தான் 50 சதவீதம். கழுவிக் கட்டுங்கள்.

நிழல் தெளிவாக விழுந்தும் நாற்று நீண்டால், தட்டை ஓரத்திலிருந்து நோக்குங்கள். நடுவில் உள்ளவை உயரமாகவும் ஓரத்தில் உள்ளவை குட்டையாகவும் இருந்து, தட்டு மொத்தமும் ஒரு சிறு குன்றுபோல் தெரிந்தால் அது நெருக்கத்தின் விளைவு. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, தொலைச்சிவப்பை அப்படியே திருப்பி அனுப்பிவிடும். திறந்த வெயிலில் இவ்விரண்டும் ஏறத்தாழச் சம அளவில் இருக்கும். அடர்ந்த இலைகளின் நடுவே தொலைச்சிவப்பு பல மடங்கு மிகுந்துவிடும். ஃபைட்டோகுரோம்-பி இந்த மாற்றத்தைப் படித்து, பக்கத்தில் போட்டிக்கு ஆள் வந்துவிட்டதாக முடிவுகட்டும். தலைக்கு மேல் நிழலே விழாத நிலையிலும், பக்கத்து இலையிலிருந்து எதிரொளித்து வரும் ஒளியை வைத்தே அது முன்கூட்டி நீளத் தொடங்கிவிடும். ஓர வரிசைக் குழிகள் சீக்கிரம் காய்ந்து அதனாலும் நாற்று குட்டையாவதுண்டு. எனவே ஓர நாற்று வாடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே இந்த முடிவுக்கு வாருங்கள். தீர்வு, இலையும் இலையும் உரசத் தொடங்கும் நாளில் தட்டுகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விடுவதும், 98 குழித்தட்டில் ஒன்று விட்டு ஒன்று எடுத்து வேறு தட்டுக்கு மாற்றுவதுமாகும்.

இதுவும் இல்லையென்றால் இரவு வெப்பத்தைப் பாருங்கள். ஃபைட்டோகுரோம்-பி வெப்பத்தையும் உணர்கிறது என்பது 2016இல் வெளியான ஆய்வுகளில் உறுதியாயிற்று. பகலில் சிவப்பு ஒளியால் செயலூக்கம் பெற்ற புரதம் இரவில் மெல்லத் தன் பழைய நிலைக்குத் திரும்பும். இரவு எவ்வளவு வெப்பமோ அவ்வளவு வேகமாகத் திரும்பும், தண்டு நீள்வதற்கான தடையும் அவ்வளவு சீக்கிரம் விலகும். சித்திரை, வைகாசியில் சிமெண்டுத் தளத்தின் மேல் நேராக வைத்த தட்டும், அதே மாடியில் இரண்டடி உயர மேசையில் வைத்த தட்டும் ஒரே விதையிலிருந்து வேறு வேறு உயரத்தில் வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மாலையில் தளத்தில் தண்ணீர் தெளிப்பதும், தட்டுகளை மேசைக்கு ஏற்றுவதும் இதற்குப் போதும்.

வீட்டுக்குள் விளக்கொளியில் வளர்ப்பவர்கள் கடைசியாக விளக்கைச் சந்தேகிக்கலாம். பழைய குண்டு பல்பு தொலைச்சிவப்பையும் வெப்பத்தையும் கொட்டும், நீலத்தை மிகக் குறைவாகவே தரும். அதன் கீழ் நாற்று நீளாமலிருந்தால்தான் வியப்பு. வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கை நாற்றுக்கு ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, நாற்று வளர வளர விளக்கையும் உயர்த்திக்கொண்டே போனால், செடி வளர்ப்பதற்கென்று விலை கூட்டி விற்கப்படும் ஊதா விளக்கு பெரும்பாலும் தேவைப்படாது. எனக்கு அந்த ஊதா விளக்கு பிடிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் கீழ் இலையின் உண்மை நிறம் கண்ணுக்குத் தெரியாததால், நோய் தொடங்கினாலும் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவரும்.

நீண்டுவிட்ட தண்டு மீண்டும் சுருங்காது. தக்காளி மட்டும் தண்டிலேயே வேர் விடும் என்பதால் வித்திலை வரை ஆழமாக நட்டு மீட்டுக்கொள்ளலாம். கத்தரி, மிளகாயை அவ்வளவு ஆழம் நடுவது நல்லதன்று. நாளைக்கு இருமுறை உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை மெல்லத் தடவிவிட்டால் இனி வரும் வளர்ச்சி சற்றுக் கட்டுப்படும். இது ஒளியோடு தொடர்பில்லாத, தொடுதலுக்குச் செடி காட்டும் எதிர்வினை.

நாற்றின் அடித்தண்டு நீர் கோர்த்துப் பழுப்பாகி, சாய்ந்த இடத்தில் நூல்போல் மெலிந்திருந்தால் அது நாற்றழுகல் நோய். அங்கே ஒளியைச் சரிசெய்து பயனில்லை. அன்றே அந்தத் தட்டைத் தனியாகப் பிரித்துவிட்டு, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.

அறிகுறி: செடி முழுவதும் ஒரே பக்கமாக வளைகிறது

இது எளிய கோளாறு. 1880இல் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் புல் முளைகளின் நுனிக்குத் தொப்பி மாட்டி மறைத்தபோது, பக்கவாட்டில் ஒளி விழுந்தும் முளை வளையவில்லை. நுனி உணர்ந்து சொன்னால்தான் அடிப்பகுதி வளைகிறது என்று அவர்கள் கண்டார்கள். உணர்வது ஃபோட்டோட்ரோபின் என்ற புரதம் என்று தெரியவர நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. நீல ஒளி குறைவாக விழும் பக்கத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி மிகுந்து அப்பக்கம் கூடுதலாக நீள்வதால், செடி ஒளியை நோக்கிச் சாய்கிறது.

தொட்டியின் விளிம்பில் சன்னலுக்கு நேராகச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, தொட்டியை அரைவட்டம் திருப்பி வையுங்கள். இளஞ்செடியாக இருந்தால் மூன்று நாளுக்குள் நுனி மறுபடியும் சன்னல் பக்கம் திரும்பும். திரும்பினால் ஒளியே காரணம். வாரத்துக்கு இருமுறை கால்வட்டம் திருப்பி வைப்பதும், எதிர்ச்சுவருக்கு வெள்ளையடிப்பதும் போதும். நுனி திரும்பாமல் பழைய சாய்விலேயே நின்றால், தண்டைக் கீழிருந்து மேலாக விரலால் தடவிப் பாருங்கள். துளையோ மரத்தூள் போன்ற கழிவோ தட்டுப்பட்டால் தண்டுத் துளைப்பான். செடி மொத்தமாக ஆடினால் வேர் போய்விட்டது.

அறிகுறி: மேலே தூவிய விதை முளைக்கவில்லை, அல்லது அங்கங்கே மட்டும் முளைக்கிறது

லெட்யூஸ் என்ற சாலட் கீரையை வளர்க்க முயல்பவர்களிடமிருந்தும், பெட்டூனியா போன்ற தூள் விதைப் பூச்செடிகளை விதைப்பவர்களிடமிருந்தும் இக்கேள்வி வருகிறது. லெட்யூஸ் விதைதான் ஃபைட்டோகுரோமையே காட்டிக்கொடுத்தது. அமெரிக்காவின் மேரிலாண்டிலுள்ள பெல்ட்ஸ்வில் வேளாண் ஆய்வு நிலையத்தில், 1952இல், நனைந்த லெட்யூஸ் விதைகளுக்குச் சிவப்பு ஒளியையும் தொலைச்சிவப்பு ஒளியையும் மாறி மாறிக் காட்டினார்கள். எத்தனை முறை மாற்றிக் காட்டினாலும், கடைசியாகக் காட்டியது சிவப்பாக இருந்தால் விதை முளைத்தது. தொலைச்சிவப்பாக இருந்தால் உறங்கியது.

ஆகவே முதலில் விதைப்பின் ஆழத்தைச் சோதியுங்கள். கடுகைவிடச் சிறிய விதையை அரை அங்குலம் புதைத்திருந்தால் வேறு காரணம் தேடவே வேண்டாம். ஈரத் தேங்காய்நார்க் கழிவின் மேல் தூவி, அட்டையால் மெல்ல அழுத்தி, மேலே ஒன்றும் போடாமல் விட்டுவிட வேண்டும். அடுத்து, தட்டு எதன் கீழ் இருக்கிறது என்று பாருங்கள். வேப்பமர நிழல் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அங்கே வைத்தால், இலைகளின் வழியாக வடிந்து வரும் ஒளியில் தொலைச்சிவப்பே மிஞ்சியிருக்கும். தகரக் கூரையின் ஓர நிழல் அதைவிட நல்லது.

மூன்றாவது வெப்பம். சமவெளியில் கோடையில் லெட்யூஸ் முளைக்காததற்கு ஒளியைவிட இதுவே பெரும்பாலும் காரணமாகிறது. மண்ணின் வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் பல இரகங்கள் முளைக்க மறுத்துவிடும். மாலையில் விதைத்து, இரண்டு நாள் வீட்டின் குளிர்ந்த, ஆனால் வெளிச்சமுள்ள மூலையில் வைத்துப் பாருங்கள்.

இம்மூன்றும் சரியாக இருந்தும் முளைக்கவில்லையென்றால் விதையைச் சோதிக்க வேண்டும். ஈரத்தாள் விரித்த இரண்டு ஒளிபுகும் டப்பாக்களில் இருபது இருபது விதைகளைப் போட்டு, ஒன்றை மட்டும் அலுமினியத் தாளால் முழுவதும் சுற்றி, இரண்டையும் அருகருகே குளிர்ந்த இடத்தில் ஐந்து நாள் வையுங்கள். சுற்றிய டப்பாவை இடையில் திறந்து பார்க்கக் கூடாது. சற்று நேர வெளிச்சமே சோதனையைக் கெடுத்துவிடும். வெளிச்சத்தில் முளைத்து இருட்டில் முளைக்காவிட்டால் அந்த விதைக்கு ஒளி கட்டாயம் தேவை. இரண்டிலும் முளைத்தால் ஒளிக்கும் உங்கள் சிக்கலுக்கும் தொடர்பில்லை. இன்றைய இரகங்களில் பல அப்படித்தான் இருக்கின்றன. இரண்டிலும் முளைக்கவில்லையென்றால் விதை பழையது. பொட்டலத்தையும் இரசீதையும் எடுத்துக்கொண்டு விற்றவரிடம் போகலாம். பெரிய பரப்பில் விதைத்து நட்டம் அடைந்தவர்கள் வட்டார விதை ஆய்வாளரிடம் முறையிடலாம்.

(களையெடுத்துக் கொத்திவிட்ட பாத்தியில் பத்தே நாளில் புதுக்களை பாய்விரிப்பதும் இதே கதைதான். கொத்தும்போது மேலே வந்து போன ஒரு நொடி வெயிலே உறங்கிக்கிடந்த விதைகள் பலவற்றுக்குப் போதுமானதாகிவிடுகிறது.)

அறிகுறி: செடி செழித்து நிற்கிறது, ஆனால் பூக்கவில்லை

சாமந்தி, பாயின்செட்டியா, கலஞ்சோ ஆகிய மூன்றும் நீண்ட இரவு கிடைத்தால் மொட்டு வைப்பவை. பகலின் நீளத்தைக் கணக்கிடுவதாக நாம் சொல்லிக்கொண்டாலும், உண்மையில் இவை அளப்பது இடையறாத இருட்டின் நீளத்தைத்தான். நடுவில் விளக்கு எரிந்தால் ஃபைட்டோகுரோம்-பி அதைப் பகல் என்று பதிவுசெய்துவிடும். சாமந்தியில் பூப்பதைத் தடுக்கும் ஒரு புரதம் இலையிலிருந்து நுனிக்குப் போகிறது என்பதை 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இரவில் குறுக்கிடும் வெளிச்சம் அந்தத் தடைப்புரதத்தை மீண்டும் மீண்டும் உண்டாக்கச் செய்கிறது.

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டு அக்கா இரண்டு ஆண்டுகளுக்கு முன் கார்த்திகையில் அழைத்தார்கள். மாடியில் முப்பது சாமந்தித் தொட்டிகள் இருந்தன. ஒன்பது தொட்டிகளில் பூ குலுங்கிக்கொண்டிருந்தது; மீதி இருபத்தொன்றும் முழங்கால் உயரப் பச்சைப் புதராக நின்றன. "எல்லாத்துக்கும் ஒரே மண்ணு, ஒரே தண்ணி தம்பி, இந்த ஒம்பதுக்கு மட்டும் என்ன தனி வரம்?" என்றார்கள். பகலில் பார்த்தபோது எனக்கும் ஒன்றும் புலப்படவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மறுபடி போனபோது விடை தரையில் கிடந்தது. அந்த ஆண்டுதான் தெருவில் புதிதாக உயரமான எல்.இ.டி. விளக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் அந்த வெளிச்சத்தில் மாடியின் குறுக்கே சாய்வாக விழுந்திருந்தது. சுண்ணக்கட்டியால் நிழலின் ஓரத்தைக் கோடிட்டோம். பூத்த ஒன்பதும் கோட்டுக்குள் இருந்தன. கோட்டின் மேலேயே நின்ற ஒரு தொட்டியில், நிழல் பக்கத்துக் கிளைகளில் மட்டும் மொட்டு இருந்தது.

ஆகவே இந்த அறிகுறிக்கு முதல் சோதனையை இரவில்தான் செய்ய வேண்டும். வீட்டு விளக்குகள் அனைத்தையும் அணைத்துவிட்டுச் செடியின் இடத்தில் நின்று ஒரு நாளிதழை விரியுங்கள். தலைப்பைப் படிக்க முடிந்தால் சந்தேகிக்கலாம். செய்தியையே படிக்க முடிந்தால் சந்தேகமே வேண்டாம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கும் செல்பேசிச் செயலி தோராயமாகத்தான் காட்டும், ஆனால் மாடியின் ஒரு மூலையையும் மறு மூலையையும் ஒப்பிட அது போதும். நிலவொளி முழுநிலவன்றும் அரை லக்ஸைத் தாண்டாது, அதனால் நிலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கைவிளக்கோடு ஒரு நிமிடம் போய்வருவதும் சாமந்தியைக் கெடுத்துவிடாது. மணிக்கணக்கில் எரியும் விளக்கே சிக்கல்.

அடுத்து, செலவில்லாத உறுதிச் சோதனை. ஒரே ஒரு செடியை மாலை ஆறு மணி முதல் காலை எட்டு மணி வரை ஒளி புகாத அட்டைப் பெட்டியால் மூன்று வாரம் நாள்தோறும் மூடுங்கள். கறுப்புப் பாலித்தீன் உறை வெயில் ஏறியதும் உள்ளே வேகவைத்துவிடும் என்பதால் பெட்டியே நல்லது, அதையும் காலையில் எடுக்க மறக்கக் கூடாது. இடையில் இரண்டு நாள் விட்டுப்போனால் கணக்கை முதலிலிருந்து தொடங்குவதே மேல். மூன்று வாரத்துக்குப் பிறகு நுனியைக் கிள்ளிப் பார்க்காமல் கண்ணால் மட்டும் பாருங்கள். பொத்தான்போல் மொட்டுத் தட்டையாகத் திரண்டிருந்தால் நோயறிதல் முடிந்தது. பாயின்செட்டியாவுக்கு இதே முறையில் பதினான்கு மணி நேர இருட்டை எட்டு முதல் பத்து வாரம் வரை தர வேண்டியிருக்கும், அதற்குப் பொறுமை வேண்டும்.

தீர்வில் எளியது தொட்டியை நகர்த்துவது. நகர்த்த முடியாவிட்டால் விளக்குப் பக்கம் மட்டும் ஆளுயரத்துக்குக் கறுப்புத் துணித் திரை கட்டலாம். தெருவிளக்கின் பின்பக்கத்துக்குத் தகடு மறைப்பு வைக்கும்படி உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். கம்பத்தில் நீங்களே ஏறி எதையும் கட்டக் கூடாது.

இரவு கும்மிருட்டாக இருந்தும் பூக்கவில்லையென்றால்தான் உரத்தின் பக்கம் திரும்ப வேண்டும். தழைச்சத்து மிகுந்தால் இலை கரும்பச்சையாகக் கொழுத்து மொட்டு தள்ளிப்போகும். பகலில் நான்கு மணி நேரமாவது நேர்வெயில் விழுகிறதா என்றும் பாருங்கள்.

வயலில் இதே அறிகுறி நெல்லில் தெரியும். நம் பாரம்பரியச் சம்பா இரகங்களில் பல, நாள் குறுகிய பிறகே கதிர் தள்ளுபவை. சாலையோர வயலில் விளக்குக் கம்பத்தைச் சுற்றி மட்டும் வட்டமாகப் பயிர் பச்சையாக நின்று, மற்ற இடமெல்லாம் பால் பிடித்துவிட்டால் காரணம் அந்த விளக்கே. அந்த வட்டத்தை மட்டும் பின்னால் தனியாக அறுத்துக்கொள்ளலாம், அல்லது அடுத்த பட்டத்தில் அங்கே நாளின் நீளத்தைப் பொருட்படுத்தாத குறுகியகால இரகத்தை நடலாம். அதே பாரம்பரிய இரகத்தைப் பட்டம் தவறிச் சித்திரையில் விதைத்தால் வயல் முழுவதும் மாதக்கணக்கில் கதிரில்லாமல் நிற்கும். அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருக்கத்தான் வேண்டும்.

எதிர்மாறான அறிகுறி: செடி சாணளவு வளரும் முன்பே மொட்டு வைக்கிறது

ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடிலில் கொய்மலர்ச் சாமந்தி வளர்ப்பவர்களின் சிக்கல் இது. நம் ஊரில் ஆனி மாதத்திலும் பகல் பதின்மூன்று மணி நேரத்தைத் தொடுவதில்லை என்பதால், தண்டு நீளும்வரை செடியை விளக்குப் போட்டு ஏமாற்றித்தான் வைத்திருக்க வேண்டும். வழக்கமாக இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை விளக்கெரிப்பார்கள்.

மொட்டு முந்தினால் முதலில் நேரக்கருவியைச் சரிபாருங்கள். மின்வெட்டுக்குப் பிறகு அதன் கடிகாரம் பின்தங்கி, இரவு பத்துக்கு எரிய வேண்டியது விடியற்காலையில் எரிந்துகொண்டிருக்கும். அதன்பின் மொட்டு எந்த வரிசையில் முந்துகிறது என்று தாளில் குறியுங்கள். ஒரே ஒரு வட்டத்தில் மட்டும் என்றால் அதன் மேலுள்ள பல்பு போயிருக்கும் அல்லது தூசி படிந்திருக்கும். குடிலின் ஓரங்களில் மட்டும் என்றால் விளக்குகளின் இடைவெளி அதிகம். எல்லா இடத்திலும் ஒரே சீராக என்றால் பல்பின் நிறத்தைப் பாருங்கள். சிவப்பு குறைந்த, நீலம் மிகுந்த குளிர்வெள்ளை விளக்குக்கு மாற்றியவர்களுக்கு, அதே லக்ஸ் காட்டினாலும் முன்போல் பலன் கிடைக்காமல் போகலாம். லக்ஸ் மானி நம் கண்ணுக்காகச் செய்தது, ஃபைட்டோகுரோமுக்காகச் செய்ததன்று. ஈரத்தரையும் தெளிப்பு நீரும் உள்ள குடிலில் வயரிங் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரைத் தவிர யாரும் தொடக் கூடாது.

அறிகுறி: வெங்காயம் தாள் மட்டும் விடுகிறது, காய் பிடிக்கவில்லை

நெருக்கம், நிழல், கடைசி நேரத்தில் போட்ட யூரியா ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். மூன்றும் இல்லையென்றால் விதைப் பொட்டலத்தைத் தேடி எடுங்கள். இணையத்தில் அழகான படத்தைப் பார்த்து வாங்கிய வெளிநாட்டு இரகமாக இருந்தால், அது நீள்பகல் வெங்காயமாக இருக்கக்கூடும். அதற்குக் காய் பிடிக்கப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் பகல் வேண்டும். சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலே சுமார் 12 மணி 50 நிமிடம்தான். வெங்காயத்தில் காய் பிடிக்கத் தூண்டும் ஒரு புரதமும் அதைத் தடுக்கும் இன்னொரு புரதமும் இருப்பது 2013இல் தெரியவந்தது. நாள் நீளும்வரை தடுப்பதன் கையே ஓங்கியிருக்கும். இதற்கு மருந்தில்லை. தாளைப் பொரியலுக்கு அறுத்துக்கொண்டு, அடுத்த முறை உள்ளூர்க் குறும்பகல் இரகத்தை வாங்குங்கள்.

அறிகுறி: வெயிலில் வைத்ததும் இலை வெளுக்கிறது, கருகுகிறது

வாங்கி வந்த அன்றே முழு வெயிலில் வைத்துவிட்டு, மூன்றாம் நாள் வெள்ளைத் திட்டோடு கொண்டுவருவார்கள். கண்ணாடியும் பாலிகார்பனேட்டும் புற ஊதா-பி கதிரின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அவற்றின் பின்னால் வளர்ந்த செடியின் யூ.வி.ஆர்.8 புரதத்துக்கு வேலையே இருந்திருக்காது. இலையின் மேல்தோலில் வெயிலைத் தாங்கும் நிறமிகளைச் சேர்த்துவைக்கும்படி அது சொல்லியிருக்காது. வெளியே வைத்த பிறகு அந்தக் காப்பு உருவாகச் சில நாள்கள் ஆகும்.

திட்டின் ஓரத்தைக் கவனியுங்கள். ஓர் இலையின் மேல் இன்னோர் இலை மறைத்திருந்த இடம் மட்டும் பச்சையாக, கத்தரித்தாற்போல் தெளிவான விளிம்போடு தப்பியிருந்தால் அது வெயில் சூடு. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்து, இளந்தளிரில் மிகுந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. அடிப்பக்கத்தில் மெல்லிய வலையும், மேலே ஊசிப்புள்ளிகளும் இருந்தால் சிலந்திப்பேன். நண்பகலில் இலை சற்று வெளிறி மாலையில் பழைய பச்சைக்குத் திரும்பினால் அது கோளாறே அன்று. கடும் ஒளியில் ஃபோட்டோட்ரோபினின் கட்டளைப்படி, இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகங்கள் செல்லின் பக்கச்சுவர்களுக்கு ஒதுங்கிக்கொள்கின்றன. மெல்லிய இலையுள்ள சில செடிகளில், உச்சிவெயிலில் இலையின் குறுக்கே ஒரு கறுப்புத் தாள் பட்டையை இரண்டு மணி நேரம் செருகி எடுத்தால், மூடியிருந்த இடம் கரும்பச்சைப் பட்டையாகத் தெரியும். சற்று நேரத்தில் அதுவும் மறைந்துவிடும்.

வெயில் சூடு என்று உறுதியானால் செடியை மாலையில் நிழலுக்கு மாற்றி, மறுநாளிலிருந்து காலை வெயிலை மட்டும் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று கூட்டிக்கொண்டே போய்ப் பத்து நாளில் முழு வெயிலுக்குப் பழக்குங்கள். வெளுத்த இலையை உடனே கிள்ள வேண்டாம். புதிய இலைகள் நான்கு வரும்வரை அதன் பச்சைப் பகுதி செடிக்கு உதவும். புது இலையும் நிழலிலேயே வெளுத்து வந்தால் மண்ணையும் நீரையும் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும், அதற்கு மண் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் குறைவுதான்.

வல்லுநரிடம் போகும்போது

மேலே சொன்ன சோதனைகளில் எதுவும் விடை தராவிட்டாலோ, கோளாறு நாளுக்கு நாள் பக்கத்துச் செடிகளுக்குப் பரவினாலோ, இனியும் ஒளியைச் சந்தேகித்துக்கொண்டிருப்பது காலத்தை வீணாக்கும்; ஒளிக்கோளாறு இடத்தைப் பொறுத்து நிற்கும், செடியிலிருந்து செடிக்குத் தொற்றாது. வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போகும்போது ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு போகாமல், பாதித்த செடி ஒன்றையும் நல்ல செடி ஒன்றையும் வேரோடு எடுத்துச் செல்லுங்கள். செடி இருந்த இடத்தைக் காலை எட்டு மணிக்கும் நண்பகலிலும் இரவு ஒன்பது மணிக்கும் ஒரே கோணத்தில் எடுத்த மூன்று படங்கள் கையில் இருந்தால், அங்கே கேட்கப்படும் பாதிக் கேள்விகளுக்கு அவையே விடை சொல்லிவிடும். நேரில் போக முடியாதவர்கள் 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மையக் கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். பேசும் முன் இரகத்தின் பெயரையும் விதைத்த தேதியையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.